கேரேஜ்ல ஒரு பாட்டி, பக்கத்துல ஒரு கையெறி குண்டு

எண்பது வயசு கெழவி ஒருத்தி ரெய்க்யாவிக் நகரத்துல ஒரு கேரேஜ்ல ஒத்தையா படுத்துக் கிடக்கா. நுரையீரல் போயாச்சு, கேன்சர் வேற, அப்பவும் சிகரெட்டை மட்டும் விடமாட்டேங்குறா. கூட இருக்கறது ரெண்டே பொருள், ஒண்ணு லேப்டாப், இன்னொண்ணு ரெண்டாம் உலகப்போர் காலத்து கையெறி குண்டு. ஒருநாள் போனை எடுத்து பொணம் எரிக்குற இடத்துக்கு அடிச்சு, கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு தேதி வேணும்னு கேக்குறா, யாருக்குன்னா எனக்குத்தாங்குறா, அந்தப் பக்கம் போனை எடுத்த பொண்ணுக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. உடம்பை எரிக்குற அடுப்போட சூடு ஆயிரம் டிகிரி, நாவலோட பேரே அதுதான், உமன் அட் 1000 டிகிரீஸ்.

எழுதினவர் ஹால்க்ரிமுர் ஹெல்காசன், ஐஸ்லாந்துக்காரர், ஓவியரும் கூட, 1959ல பொறந்தவர். 101 ரெய்க்யாவிக் நாவலை எழுதினவரும் இவர்தான், அது சினிமாவாவும் வந்துச்சு. இந்த நாவல் ஐஸ்லாந்து மொழியில 2011ல வந்தது, ப்ரையன் ஃபிட்ஸ்கிப்பன் செஞ்ச இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2018ல. நான் படிச்சது அந்த இங்கிலீஷ்தான். படிச்சு முடிச்சு நாளாச்சு, ஆனா அந்தக் கெழவி குரல் காதை விட்டுப் போகமாட்டேங்குது, அதனால எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

பாட்டி பேரு ஹெர்ப்யோர்க் மரியா, எல்லாரும் கூப்பிடுறது ஹெர்ரா. 1929ல பொறந்தவ, கதை சொல்றது 2009ல. ஐஸ்லாந்தோட முதல் ஜனாதிபதியோட பேத்தி. தாத்தா நாட்டுக்கே முதல் குடிமகன், பேத்தி கடைசி காலத்துல யாரோ ஒருத்தர் வீட்டு கேரேஜ்ல. ஏன் அப்படி ஆச்சுன்னு அவளே சொல்லணும், அவ சொல்றதும் நேர்க்கோட்டுல இருக்காது. சின்னச் சின்ன அத்தியாயமா வரும், ஒண்ணுல 1942 ஜெர்மனி, அடுத்ததுல 2009 கேரேஜ், அதுக்கடுத்து அர்ஜென்டினா, திரும்ப சின்ன வயசு தீவு. முதல்ல கொஞ்சம் தலை சுத்தும், அப்புறம் பழகிடும், ஏன்னா வயசானவங்க கதை சொல்ற விதமே அதுதானே, ஒண்ணைச் சொல்ல ஆரம்பிச்சு இன்னொண்ணுக்குத் தாவி, நாம மறந்தே போன நேரத்துல முதல் கதையோட மிச்சத்தை எடுத்துட்டு வருவாங்க.

இந்த நாவலைப் பத்தி பேசுறவங்க பலரும் சிரிப்பு சிரிப்புன்னுதான் ஆரம்பிக்குறாங்க. சிரிப்பு வரும்தான், இல்லைன்னு சொல்லல. லேப்டாப்பை வச்சுக்கிட்டு ஹெர்ரா பண்ற வேலைகளைப் பாருங்க, 1988ல உலக அழகி பட்டம் வாங்குன ஐஸ்லாந்து பொண்ணோட போட்டோவைப் போட்டு இன்டர்நெட்ல ஒரு அக்கவுண்ட் தொடங்கி, ஆஸ்திரேலியாவுல உடம்பை ஏத்தி வச்சிருக்குற ஒரு பையனை உருக வைக்குறா. மருமகளோட ஈமெயிலைத் திருட்டுத்தனமா படிக்குறா. தினம் வந்து பாத்துக்குற லோவாங்கற பொண்ணுகிட்ட வாய்க்கு வந்ததெல்லாம் பேசுறா, பாசமும் கிண்டலும் ஒரே வாக்கியத்துல வரும். பெத்த பசங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நாக்குல நரம்பே கிடையாது.

ஆனா இந்தச் சிரிப்பை ஏதோ கசப்பு மாத்திரை மேல தடவுன சர்க்கரை மாதிரி படிச்சா நாவல் கையை விட்டுப் போயிடும்னு நான் நினைக்கறேன். ஹெர்ராவோட வாழ்க்கையில அவ கையில எதுவுமே இருந்ததில்ல. எந்த ஊர்ல இருக்கணும், எந்த மொழி பேசணும், யார் பக்கம் நிக்கணும், எல்லாத்தையும் வேற யாரோதான் முடிவு பண்ணாங்க, அப்பா, போரு, ஆம்பளைங்க, கடைசியில பெத்த பிள்ளைங்க. அவகிட்டயிருந்து யாரும் புடுங்க முடியாத ஒண்ணு அவ வாய் மட்டும்தான். நடந்ததை எப்படிச் சொல்லணும்ங்கறதை அவ முடிவு பண்றா. அதனாலதான் எமன்கிட்டயே போன் போட்டு நாள் குறிக்குறா, எப்ப வருவான்னு காத்துக்கிட்டு கிடக்க அவளுக்கு இஷ்டமில்ல. அந்த முதல் காட்சியை வெறும் ஜோக்கா படிச்சவன் நான், பாதி நாவல் தாண்டினதும் திரும்பப் போய் படிச்சப்போ அது வேற மாதிரி இருந்துச்சு.

கதையோட முதுகெலும்பு போர்தான். ஹெர்ராவோட அம்மா பிரெய்தாஃப்யோர்துர்ங்கற பெரிய வளைகுடாவுல இருக்குற தீவுக்காரி. மேற்கு ஐஸ்லாந்துல இருக்கு அந்த வளைகுடா, எண்ண முடியாத அளவு தீவுங்க இருக்குன்னு அங்க சொல்லுவாங்க, மீனு, சீல், ஈடர் வாத்தோட மெத்தை இறகு, இதை நம்பித்தான் அந்தக் காலத்துல ஜனங்க பொழப்பு நடத்துனாங்க. அப்பா பெரிய வீட்டுப் பையன். அவளை வயித்துப் பிள்ளையோட விட்டுட்டுப் போயிடறான், ஏழு வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றான், அதுவரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஏழு வருஷ மௌனத்தைப் பத்தி ஹெர்ரா பேசுற இடம் இருக்கே, ஐஸ்லாந்து ஆம்பளைங்க வாயத் திறக்காம வாழுற வாழ்க்கையைப் பத்தி மொத்தமா ஒரு கோபம் அதுல இருக்கு, ஆனா அந்தத் தீவோட வாசனையும் பொம்பளைங்களோட தைரியமும் அவ்வளவு அன்பா வரும், நாவல்ல எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதின்னா அந்தத் தீவு அத்தியாயங்கள்தான்.

அப்புறம் அந்த அப்பா என்ன பண்றான்னா, ஹிட்லரை நம்பி நாஜி படையில சேர்ந்துடறான். இங்க கொஞ்சம் சரித்திரம் சொல்லியாகணும், ஏன்னா இந்த இடத்துல ஹெல்காசன் கற்பனையா இட்டுக்கட்டல. ஐஸ்லாந்தோட முதல் ஜனாதிபதி ஸ்வெய்ன் ப்யோர்ன்சன், அவர் மகன் ஒருத்தன் உண்மையிலேயே எஸ்எஸ்ங்கற ஹிட்லரோட நாஜி படையில சேர்ந்து, ஜெர்மன்காரன் புடிச்சு வச்சிருந்த டென்மார்க்ல வேலை பாத்தவன். காலத்தை வச்சுப் பாருங்க. 1940 ஏப்ரல் 9ல ஜெர்மனி டென்மார்க்கைப் புடிக்குது. அப்போ ஐஸ்லாந்துக்கும் டென்மார்க்குக்கும் ஒரே ராஜா. ஒரே மாசத்துல, மே 10ல, பிரிட்டிஷ் படை ரெய்க்யாவிக்ல வந்து இறங்குது, அடுத்த வருஷம் அவங்க இடத்துக்கு அமெரிக்கப் படை வருது. நாட்டுல மொத்தமே சுமார் 1,20,000 பேர்தான் அப்போ, அங்க ஆயிரக்கணக்குல வெளிநாட்டு சிப்பாய்ங்க. கோபன்ஹேகன்ல தூதரா இருந்த ஸ்வெய்ன் ப்யோர்ன்சன் ஊருக்குத் திரும்பி, 1941ல ராஜாவுக்குப் பதிலா ஆட்சிப் பொறுப்பு ஏத்துக்குறாரு, 1944 ஜூன் 17ல திங்வெட்லிர்ல, அதாவது 930ல முதல் பாராளுமன்றம் கூடுன அதே இடத்துல, ஐஸ்லாந்து குடியரசாகுது, அவரு முதல் ஜனாதிபதி ஆகுறாரு. அன்னைக்கு அந்த ராஜா ஜெர்மன்காரன் புடியில இருக்குற ஊர்ல. ஜனாதிபதியோட மகன் ஜெர்மன் யூனிஃபார்ம்ல.

யோசிச்சுப் பாருங்க, அவ்வளவு சின்ன நாடு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அந்த ஊர்ல முதல் குடும்பத்து வீட்டுலயே இப்படி ஒரு ரகசியம். போருக்கப்புறம் இதைப் பத்தி வெளிப்படையா பேச யாருக்கும் ஆசையில்ல. ஹெல்காசன் அந்தப் பேசாத இடத்துல போய் ஒரு சின்னப் பொண்ணை நிக்க வைக்குறாரு. அப்பா கிழக்குப் போர்முனைக்குப் போறான், அம்மா வேற ஊர்ல, வடகடல்ல அம்ரும் தீவுல யாரோ ஒருத்தர் வீட்டுல கொஞ்ச காலம், அப்புறம் பதிமூணு பதினாலு வயசுல ஜெர்மனி போலந்துன்னு ஒத்தையா அலையுற வாழ்க்கை. அந்தக் கையெறி குண்டு அப்பா கொடுத்துட்டுப் போனது, தன்னைக் காப்பாத்திக்கச் சொல்லி. பெத்த பொண்ணைப் போர் நடுவுல விட்டுட்டுப் போற அப்பன் கையில கொடுக்குற பொருளா அது? ஆனா அதையே அவ எழுபது வருஷம் கிட்டத்தட்ட பக்கத்துலயே வச்சிருக்கா. அப்பா மேல இருக்குற பாசமும் வெறுப்பும் சேர்ந்து இரும்பா ஆன மாதிரி. அவன் செஞ்சது தப்புன்னு அவளுக்குத் தெரியும், அப்பான்னு வந்தா மனசு வேற ஒண்ணு சொல்லும், இந்த ரெண்டையும் எங்கயும் சமாதானம் பண்ணி வைக்காம அப்படியே விட்டிருக்காரு ஹெல்காசன், அதுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

போர் அத்தியாயங்கள்ல அந்தப் பொண்ணுக்கு நடக்குற கொடுமைகளை இங்க விவரிக்கப் போறதில்ல. பாலியல் வன்முறை உண்டு, படிக்கப்போறவங்க தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லது. சொல்ல வேண்டியது ஒண்ணுதான், அவ்வளவு நேரம் பக்கத்துக்கு நாலு ஜோக் அடிச்சுட்டு வந்த குரல் சில இடத்துல சட்டுனு நின்னுடும். அர்ஜென்டினாவுல அவ பெத்த சின்ன மக செத்துப்போற இடமும் அப்படித்தான். அங்க ஒரு கிண்டல் கிடையாது, உவமை கிடையாது, நடந்ததை மட்டும் சொல்லிட்டு வேற வருஷத்துக்கு ஓடிடறா. இந்த நாவலைப் படிக்குறப்போ எங்க சிரிக்க வைக்குறான்னு பாக்குறதை விட எங்க சிரிக்க வைக்கலைன்னு பாருங்க, ஹெர்ரா யாருன்னு அங்கதான் தெரியும்.

இந்த மாதிரி சாவோட நிழல்ல நின்னு அடிக்குற கிண்டல் ஐஸ்லாந்து எழுத்துக்குப் புதுசும் இல்ல, 13, 14ம் நூற்றாண்டுகள்ல எழுதுன சாகாக்கள்லயே, அதாவது அந்த ஊரோட பழைய வீரக்கதைகள்லயே இருக்கு. ந்யால் சாகாவுல குன்னார்ங்கற வீரனைக் கொல்ல ஒரு கூட்டம் அவன் வீட்டைச் சுத்தி வளைக்கும், அவன் உள்ள இருக்கானான்னு பாக்க ஒருத்தன் கூரை மேல ஏறுவான், உள்ளயிருந்து ஆயுதம் பாஞ்சு வயித்துல குத்திடும், கீழ விழுந்தவன்கிட்ட குன்னார் வீட்ல இருக்கானான்னு கேப்பாங்க. அதை நீங்களே பாத்துக்கங்க, ஆனா அவன் ஆயுதம் வீட்லதான் இருக்குன்னு சொல்லிட்டு செத்து விழுவான். க்ரெட்டிர் சாகாவுல அட்லின்னு ஒருத்தன், வாசல் கதவைத் திறந்தவன் வயித்துல அகலமான ஈட்டி ஒண்ணு பாயும், இப்பல்லாம் இந்த அகல ஈட்டிதான் ஃபேஷன் போலிருக்குன்னு சொல்லிட்டு உயிரை விடுவான். எழுநூறு வருஷமா ஐஸ்லாந்துக்காரங்க இதைப் படிச்சு வளர்ந்தவங்க. சாகறவன் கடைசியா அழுது புலம்பாம ஒரு நல்ல வாக்கியம் சொல்லிட்டுப் போகணும்ங்கறது அங்க கிட்டத்தட்ட ஒரு கௌரவம் மாதிரி.

ஆனா சாகாக்கள்ல அந்த ஒரு வாக்கியத்தோட கதை முடிஞ்சுடும், ஆளும் போயிடுவான். ஹெர்ரா என்ன பண்றான்னா அந்தக் கடைசி வாக்கியத்தை கிட்டத்தட்ட நானூறு பக்கத்துக்கு இழுக்குறா. வயித்துல ஈட்டி பாஞ்சு வாசல்ல விழுந்த ஆளு எழுபது வருஷம் விழாம நின்னு பேசிக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும், அதான் இந்த நாவல். அதுவும் பேசுறது ஒரு பொம்பளை. சாகாக்கள்லயும் வாய் வலுத்த பொம்பளைங்க இருக்காங்க, குன்னாரோட மனைவி ஹால்கெர்துர் இருக்கா, வில்லோட நாண் அறுந்தப்போ உன் கூந்தல்ல ரெண்டு பிரி கொடுன்னு அவன் கேக்க, அன்னைக்கு என்னைக் கன்னத்துல அறைஞ்சியே ஞாபகம் இருக்கான்னு சொல்லி கொடுக்க மாட்டேன்னவ. ஹெர்ராவை நான் அவளோட பேத்தியாத்தான் பாக்குறேன்.

போருக்கு அப்புறமான வாழ்க்கை நாவல்ல கொஞ்சம் வேகமா ஓடுது. அப்பாவோட அர்ஜென்டினா, திரும்பி ஐரோப்பா, ஹம்பர்க்ல பீட்டில்ஸ் பசங்களோட ஒரு சந்திப்பு, வரிசையா யோன்ங்கற பேர்ல புருஷனுங்க, ஒவ்வொருத்தன் மூலமா ஒரு பிள்ளை. யோன்ங்கறது ஐஸ்லாந்துல தடுக்கி விழுந்தா கிடைக்குற பேரு, அதை வச்சு அவ பண்ற கலாட்டா நல்லாதான் இருக்கு. ஆனா இங்க எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உலகத்துல நடந்த எல்லாத்துலயும் ஹெர்ரா எப்படியோ போய் நின்னுடறா, பிரபலமானவங்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க, அந்த அத்தியாயங்கள்ல ஹெல்காசனோட கெட்டிக்காரத்தனம்தான் தெரியுதே ஒழிய ஹெர்ரா தெரியல. ஒரு நூறு பக்கம் குறைச்சிருந்தா இன்னும் கூர்மையா இருந்திருக்கும். வார்த்தை விளையாட்டும் சில சமயம் ஓவர், ஒரு உவமை போதுங்கற இடத்துல மூணு வரும், மூணாவது முதல் ரெண்டையும் கெடுத்துடும்.

2009 கேரேஜ் பகுதிக்கு இன்னொரு பின்னணி இருக்கு, அதைத் தெரிஞ்சு படிச்சா சுவாரஸ்யம் கூடும். 2008 அக்டோபர்ல ஐஸ்லாந்தோட மூணு பெரிய பேங்கும், க்ளிட்னிர், லண்ட்ஸ்பாங்கி, கௌப்திங், ஒரே வாரத்துல அடுத்தடுத்து விழுந்துச்சு. அப்போ சுமார் 3,20,000 பேர் இருந்த நாடு, பேங்குங்க வச்சிருந்த கணக்கோ நாட்டு மொத்த வருமானத்தைப் போல பல மடங்கு. ஜனங்க பாத்திரம் பண்டத்தையெல்லாம் எடுத்துட்டு பாராளுமன்றத்து முன்னாடி போய் தட்டித் தட்டியே 2009 ஜனவரியில அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஹெர்ரா பசங்க, மருமகளுங்க எல்லாம் அந்தப் பணக்கார காலத்துல திளைச்ச தலைமுறை, அவ சொத்து எங்க போச்சுங்கற கதையும் அதோட சேர்ந்ததுதான். போரைப் பார்த்த கெழவி கேரேஜ்ல படுத்துக்கிட்டு, பேராசையில கவுந்த ஒரு ஊரை லேப்டாப் வழியா பாக்குறா. கடன் வாங்கி வாழ்ந்தவங்க மேல அவளுக்குக் கொஞ்சமும் இரக்கமில்ல, அதே நேரம் அவங்கள்ல பாதிப் பேர் அவ பெத்தது. இதைப் படிக்குறப்போ ஒரு நாட்டோட கதையை ஒரு குடும்பத்துக்குள்ள அடக்குறதுன்னா இப்படித்தான் அடக்கணும்னு தோணுச்சு.

இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு பத்தி ஒரு வார்த்தை. ஃபிட்ஸ்கிப்பன் அயர்லாந்துக்காரர், ஐஸ்லாந்து நாவல்கள் நிறைய மொழிபெயர்த்தவர், 101 ரெய்க்யாவிக்கும் அவர் பண்ணதுதான். கெழவியோட மூச்சிரைப்பு, திட்டு, திடீர்னு வர்ற கவிதை, எல்லாம் ஒரே ஆள் பேசுறதா இருக்கு, எங்கயும் ஒட்டு தெரியல. சத்தமா வாசிச்சுப் பாருங்க, அப்பதான் இதோட தாளம் புடிபடும்.

இனி மனசை உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கதைக்கு விதை போட்டது நிஜமான ஒரு பொம்பளை. தேர்தல் நேரத்துல ஓட்டு கேட்டு வரிசையா போன் போட்டுக்கிட்டிருந்த ஹெல்காசன், தற்செயலா கேரேஜ்ல வாழ்ந்த ஒரு வயசான அம்மாகிட்ட பேசப்போய், அந்தப் பேச்சு நீண்டுக்கிட்டே போச்சு. அவங்க அந்த முதல் ஜனாதிபதியோட பேத்தி. கொஞ்ச காலத்துல அவங்க செத்துட்டாங்க, அதுக்கப்புறம்தான் நாவல் வருது. தாத்தாவை நிஜப் பேர்லயே வச்சுக்கிட்டு, மத்தவங்க பேரை மாத்தி, நடந்ததையும் நடக்காததையும் கலந்து எழுதியிருக்காரு. அவங்களைச் சேர்ந்தவங்க சிலருக்கு இது வருத்தம்தான், ஐஸ்லாந்துல அது பேச்சாவும் ஆச்சு.

இதுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லிட்டு நழுவ நான் விரும்பல. செத்துப்போன ஒருத்தங்க வாழ்க்கையை எடுக்குற உரிமை எழுத்தாளனுக்கு உண்டுன்னுதான் நினைக்குறேன், அதுவும் ஒரு நாடே மூடி வச்ச கதையா இருந்தா கண்டிப்பா உண்டு. ஸ்வெய்ன் ப்யோர்ன்சன் பேரை மாத்தியிருந்தா நாவலோட உயிரே போயிருக்கும், ஜனாதிபதி மாளிகையையும் எஸ்எஸ் யூனிஃபார்மையும் ஒரே சாப்பாட்டு மேஜையில பாக்கத்தானே இந்தக் கதை. ஆனா பிள்ளைங்க விஷயம் வேற. உயிரோட இருக்குறவங்களை யாருன்னு ஊருக்கே தெரியுற அளவுக்கு வச்சுக்கிட்டு, பேராசை புடிச்சவங்களா, அம்மாவை கேரேஜுக்கு அனுப்பினவங்களா எழுதுனது சரியில்ல. அங்க இன்னும் ரெண்டு அடி தள்ளி நின்னிருக்கலாம், குடும்பத்தோட அமைப்பையே மாத்தியிருக்கலாம், அதனால ஹெர்ராவுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. நாவலை நான் இவ்வளவு நேசிச்சும் அந்தப் பக்கங்கள் வர்றப்போ வேகமாத்தான் புரட்டுறேன்.

படிக்க நினைக்குறவங்களுக்கு, முதல் அறுபது எழுபது பக்கம் வருஷம் மாறி மாறி வர்றதைக் கண்டு கீழ வச்சுடாதீங்க, தீவு அத்தியாயங்கள் வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க. அத்தியாயத் தலைப்புக்குக் கீழ போட்டிருக்குற வருஷத்தை மட்டும் விடாம பாருங்க, அது போதும். குண்டு கடைசியில வெடிக்குதா இல்லையான்னு என்கிட்ட கேக்காதீங்க, சொல்லமாட்டேன்.